அடிபட்ட குதிரையும் வலி மருந்தும்: எவ்வளவு போதும், எங்கே நிறுத்த வேண்டும்

பார்பரோ என்ற பந்தயக் குதிரை ஒடிந்த காலால் சாகவில்லை. 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியை ஜெயித்துவிட்டு, இரண்டே வாரத்தில் பால்டிமோரில் நடந்த ப்ரீக்னஸ் பந்தயத்தில் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வலது பின்னங்கால் நொறுங்கி நின்ற குதிரை அது. மறுநாளே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் சென்டரில், குதிரை அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு தகடு, 27 திருகுகள். எலும்பு பெரும்பாலும் கூடியும் வந்தது. ஆனால் ஜூலையில், அடியே படாத இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் (குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மடிப்புகள் கெடும் நோய்) வந்து, குளம்புச் சுவரில் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த ஜனவரியில் முன்னங்கால்கள் இரண்டுக்கும் அதே நோய். 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

செலவுக்குக் குறையில்லாத உரிமையாளர்கள், உலகத்தின் மிகச் சிறந்த குதிரை மருத்துவமனைகளில் ஒன்று, எந்த மருந்து வேண்டுமானாலும் கைக்கெட்டும் தூரத்தில். அப்படியும் குதிரையைக் கொண்டுபோனது நல்ல கால்தான். அடிபட்ட குதிரைக்கு வலி மருந்து எதற்காகக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வியை இங்கிருந்து பார்த்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

குளம்புக்குள்ளே இருக்கும் கடைசி எலும்பு தரையில் உட்கார்ந்திருப்பதில்லை. குளம்புச் சுவரின் உள்பக்கம் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன, அந்த மடிப்புகள்தான் எலும்பைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கின்றன. அந்த மடிப்புகளுக்கு ரத்தம் சரியாக ஓட வேண்டுமானால் குதிரை காலைத் தூக்கி வைக்க வேண்டும், எடையை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு கால் வலிக்கிறது என்று எதிர்க்கால் மேலேயே நாள் முழுக்க நின்றால், அந்த எதிர்க்காலில் ரத்தம் குறைந்து, மடிப்புகள் பிரிந்து, எலும்பு கீழே இறங்கிவிடும். 400, 450 கிலோ எடை; அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. முன்னங்காலில் அடிபட்டால் மிச்சமிருக்கும் முன்னங்காலின் கதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் வலியைக் குறைப்பது குதிரை மேல் பரிதாபப்பட்டுச் செய்கிற காரியம் மட்டும் இல்லை, மற்ற மூன்று கால்களையும் காப்பாற்றுகிற காரியம். அடிபட்ட காலைக் கொஞ்சமாவது ஊன்றுகிற அளவுக்கு வலி குறைந்தாக வேண்டும். சரி, அப்படியானால் வலியே இல்லாமல் செய்துவிடலாமே என்றால், அது இன்னொரு பக்கத்துப் பள்ளம். தன் காலில் தகடும் திருகும் இருப்பது குதிரைக்குத் தெரியாது. வலி சுத்தமாகப் போய்விட்டால் லாயத்துக்குள்ளேயே சுற்றும், பக்கத்துக் குதிரையைப் பார்த்துத் துள்ளும், தசைநார் பாதி ஆறியிருந்தால் மீதியையும் கிழித்துக்கொள்ளும். குதிரை மருத்துவர்கள் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குறுகலான இடம். கொஞ்சம் நொண்டிக்கொண்டு, ஆனால் தீனி தின்றுகொண்டு, படுத்து எழுந்துகொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்கிற குதிரைதான் அவர்களுக்கு வேண்டும்.

மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இன்னொன்று. எலும்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தால், முதல் வலி நிவாரணி கட்டைக் கட்டுதான். பஞ்சையும் துணியையும் அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே பலகையோ பிளாஸ்டிக் குழாயைப் பிளந்ததோ வைத்து, காலை அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டால் குதிரை அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒடிந்த கால் கட்டுப்பாடில்லாமல் ஆடும்போது வருகிற பயம் வலியைவிட மோசமானது, அதில்தான் குதிரை வெறிபிடித்தது போல் துள்ளி, தோலுக்குள் இருந்த முறிவைத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வைத்துவிடுகிறது. முறிவு இல்லை, வீக்கமும் சுளுக்கும்தான் என்றால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காலில் ஓடவிடுவது செலவே இல்லாத நல்ல வைத்தியம். வெட்டுக்காயம் என்றால் டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று பாருங்கள். டெட்டனஸுக்குக் குதிரை அளவுக்கு எளிதில் பலியாகிற வீட்டு விலங்கு வேறு இல்லை.

இனி மருந்துகள். குதிரை உலகத்தில் மிகப் பழகிய பெயர் ஃபினைல்பியூட்டாசோன், செல்லமாக பியூட். 1949இல் மனிதர்களின் மூட்டுவாதத்துக்காக வந்த மருந்து இது. எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்த அணுக்களே உற்பத்தியாகாமல் செய்யக்கூடியது என்று தெரிந்த பிறகு மனித வைத்தியத்திலிருந்து பெரும்பாலும் ஒதுக்கப்பட்டு, குதிரையோடு நின்றுவிட்டது. (பொடியைத் தீனியில் கலக்கிறவர்கள் கையுறை போடச் சொல்வது இதனால்தான், சும்மா சொல்வதில்லை.) 1968 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ், சிறுநீரில் இந்த பியூட் இருந்ததால்தான் தகுதி இழந்தது. கணுக்கால் நோவு பிடித்த குதிரை அது. பந்தய நிர்வாகங்கள் வலி மருந்தை இத்தனை கண்டிப்போடு பார்ப்பதற்குக் காரணம் போட்டி நியாயம் மட்டும் இல்லை. வலி தெரியாத காலோடு முழு வேகத்தில் ஓடினால் அந்தக் கால் ஓட்டத்திலேயே ஒடியும், மேலே இருக்கிற ஜாக்கியும் சேர்ந்து விழுவார்.

பியூட், ஃப்ளூனிக்சின், மெலோக்சிகாம், கீட்டோப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். காயத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதைத் தடுப்பதுதான் இவற்றின் வேலை. சிக்கல் என்னவென்றால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது, பெருங்குடலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. காயத்தில் அடைத்தால் அங்கேயும் அடைபடும். குதிரையின் இரைப்பை வேறு தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அடிபட்ட குதிரை தீனியைக் குறைத்திருக்கும் நேரத்தில் மருந்தும் உள்ளே போனால் புண் வருவதில் ஆச்சரியம் இல்லை. அதைவிட மோசம் பெருங்குடலின் வலது மேற்பகுதியில் வருகிற புண். வெளியே தெரிகிற அறிகுறிகள் மெதுவாகத்தான் வரும்: தீனியில் ஆர்வம் குறையும், சாணம் இளகும், வயிற்றின் அடியில் நீர் கோத்த வீக்கம், ரத்தம் பார்த்தால் புரதம் சரிந்திருக்கும். வயிற்றுப்புண்ணுக்கு ஓமெப்ரசோல் கொடுத்துவிட்டோம், இனி கவலை இல்லை என்று இருப்பவர்கள் உண்டு. அது இரைப்பை அமிலத்தைத்தான் குறைக்கும், பெருங்குடலுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

தண்ணீர் விஷயம் அதைவிட அவசரமானது. நிறைய ரத்தம் போன குதிரை, வெயிலில் ஓடி வியர்த்துக் கொட்டிய குதிரை, லாரியில் நீண்ட தூரம் தண்ணீரில்லாமல் வந்த குதிரை, இவற்றின் சிறுநீரகம் ஏற்கனவே ரத்தத்துக்குத் திண்டாடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இந்த ஊசிகளைப் போடுவது சிறுநீரகத்தின் உட்பகுதியையே அழுகவைக்கக்கூடும். முதலில் தண்ணீர், தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாகத் திரவம், அப்புறம்தான் மருந்து.

பியூட்டின் பாதுகாப்பு எல்லை ரொம்பக் குறுகல். வழக்கமான அளவு, முதல் நாள் ஒரு கிலோ எடைக்கு 4.4 மி.கி. வீதம் இரண்டு வேளை, அடுத்த நாளிலிருந்து அதில் பாதி, அதாவது 2.2 மி.கி. வீதம் இரண்டு வேளை, முடிந்த சீக்கிரம் அதையும் குறைத்துக்கொண்டே போவது. இது மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய கணக்கு. இங்கே நான் எழுதுவது அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று காட்டத்தான். புத்தகங்களிலும் இணையத்திலும் "ஒரு வேளைக்கு 2 கிராம்" என்று போட்டிருப்பார்கள். அது 450 கிலோ குதிரைக்கு. நம் ஊரில் சவாரிக்கு நிற்கிற மட்டக்குதிரை ஒன்று 200 கிலோ இருந்தால், அதே 2 கிராம் கிலோவுக்கு 10 மி.கி. ஆகிவிடும், முதல் நாள் உச்ச அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதையே நாலு நாள் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மட்டக்குதிரைகளில் பியூட் விஷமாவது அதிகம் என்று சொல்லப்படுவதில் இந்த எடைக் குளறுபடிக்குப் பெரிய பங்கு உண்டு.

எடை மேடை இல்லாத இடத்தில் ஒரு டேப் போதும். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம் எத்தனை செ.மீ. என்று அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 302 கிலோ. கண் மதிப்பில் "ஒரு 400 இருக்கும்" என்று சொல்பவர்களை நம்பி மருந்து ஏற்றாதீர்கள். பேஸ்ட் வடிவில் வருகிற மருந்துக்குழலில் எடைக்கேற்பக் கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோட்டில் நிறுத்தும் வளையத்தைப் பூட்டாமல் வாயில் வைத்து அழுத்தினால் குழல் முழுவதும் உள்ளே போய்விடும். இதுவும் நடக்கிறது.

இன்னொரு பொறி நேரம். பியூட்டின் அளவு ரத்தத்தில் சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆனால் வீங்கிய திசுவில் அது தங்கி நின்று ஒரு நாள் வரைகூட வேலை செய்யும். வாய்வழி கொடுத்தது வைக்கோலோடு ஒட்டிக்கொண்டு தாமதமாக உறிஞ்சப்படுவதும் உண்டு. காலையில் கொடுத்தோம், மத்தியானமும் நொண்டுகிறதே என்று இன்னொரு டோஸ், சாயங்காலம் "இது கேட்கவில்லை, வேறு ஊசி போடுவோம்" என்று ஃப்ளூனிக்சின். இப்படி ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் வலி குறைவது கொஞ்சம்தான் கூடும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து பல மடங்கு கூடும். பியூட் கேட்கவில்லை என்றால் அது ஒரு தகவல். நோயைத் தப்பாகக் கணித்திருக்கலாம், முறிவு தப்பிப் போயிருக்கலாம், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். குளம்புச் சீழ் வந்த குதிரை காலைத் தரையில் வைக்கவே மறுத்து, எலும்பு ஒடிந்ததோ என்று ஆளைக் கலங்கடிக்கும், சீழை வடித்துவிட்டால் அன்றே நடக்கவும் செய்யும். மருத்துவர் வருவதற்கு முன்னால் நிறைய மருந்தை ஏற்றி வைத்தால் நொண்டலே தெரியாமல் போய், அவரும் குருட்டாம்போக்கில் தேட வேண்டியிருக்கும். என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்று லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிற லாயத்தில் ஒரே டோஸ் இரண்டு தடவை போவது இப்படி எழுதாததால்தான்.

ஊசி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பியூட் ஊசியைக் கழுத்துச் சிரைக்குள் (இதயத்துக்கு ரத்தம் திரும்புகிற குழாய்) மட்டும்தான் போட வேண்டும். சில சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துத் தசை செத்து, தோல் உரிந்து விழும். கைதவறிப் பக்கத்தில் ஓடுகிற தமனியில் ஏறிவிட்டால் மருந்து நேராக மூளைக்குப் போய், குதிரை நின்ற இடத்திலேயே வலிப்பு வந்து விழும், பக்கத்தில் நிற்பவர் மேலேயும் விழலாம். சரி, சிரை வேண்டாம், ஃப்ளூனிக்சினைத் தசையில் போடுவோம் என்று சிலர் சுலப வழி பார்க்கிறார்கள். தசையில் போட்ட ஃப்ளூனிக்சினைத் தொடர்ந்து குளோஸ்ட்ரிடியம் கிருமிகள் கிளம்பி, தசைக்குள்ளேயே காற்று உண்டாகி, தொட்டால் நறநறவென்று சத்தம் வருகிற அழுகல் நோய் வரலாம். எல்லாக் குதிரைக்கும் வராது, ஆனால் வந்தால் சதையைக் கிழித்துத் திறந்துவிட வேண்டிய நிலைமை, பல குதிரைகள் பிழைப்பதில்லை. வாய்வழி கொடுக்கக்கூடிய மருந்தை வீட்டிலிருப்பவர்கள் வாய்வழியே கொடுங்கள், ஊசியை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இந்தக் குடும்பத்தை விட்டால் அடுத்த வரிசையில் இருப்பவை மருத்துவரின் கையில்தான் இருக்க வேண்டியவை. சைலசின், டெட்டோமிடின் இரண்டும் மயக்கமும் தரும், வலியையும் குறைக்கும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும். தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதே என்று பின்னால் போகாதீர்கள், அந்த நிலையிலும் குறிபார்த்து உதைக்கும். கட்டைக் கட்டு போடாமல் மயக்க ஊசி மட்டும் போட்டு லாரியில் ஏற்றினால், தள்ளாடுகிற குதிரை ஒடிந்த கால் மேலேயே முழு எடையையும் போடும். பியூட்டார்ஃபனால், மார்ஃபின் போன்ற அபின் வகை வலி மருந்துகள் குதிரைக்குச் சில நேரம் பரபரப்பைக் கிளப்பும், குடல் அசைவைக் குறைக்கும். பின்னங்கால் வலிக்கு வால் அருகே முதுகெலும்பு வழியாக மருந்து செலுத்துவது பெரிய மருத்துவமனைகளில் நன்றாகவே உதவுகிறது. மனிதர்களுக்குக் கொடுக்கிற டிரமடால் மாத்திரையைக் குதிரைக்கு வாய்வழி கொடுத்துப் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். கழுதைகள் தனி ரகம்: பியூட்டைக் குதிரையைவிட வேகமாக உடலிலிருந்து வெளியேற்றிவிடும், வலியை வெளியே காட்டுவதும் குறைவு, அதனால் குதிரைக் கணக்கு அங்கே செல்லாது.

வலியைக் காட்டுவது என்று வந்ததும் ஞாபகம் வருகிறது, குதிரையின் முகத்தைப் படிக்கவே 2014இல் ஓர் அளவுகோல் வெளியானது. காது பின்னோக்கி விறைத்திருப்பது, கண் பாதி மூடியிருப்பது, கண்ணுக்கு மேலே குழி தெரிவது, தாடைத் தசை இறுகியிருப்பது, வாய் இறுகி மோவாய் துருத்துவது, மூக்குத்துளை விறைப்பது என்று ஆறு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். தொலைவிலிருந்து, நீங்கள் வந்ததைக் குதிரை கவனிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஆளைக் கண்டதும் குதிரை நிமிர்ந்துவிடும், வலியை மறைக்கிற இரை விலங்கின் புத்தி அது. ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது சாதாரணம். மருந்து கொடுத்த பிறகும் 60ஐத் தாண்டி நின்றால் கால் வலி மட்டும்தானா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஏனென்றால் லாயத்திலேயே கட்டிப்போட்ட குதிரைக்கு வருகிற அடுத்த ஆபத்து வயிற்றுவலி. நடமாட்டம் இல்லை, தண்ணீர் குறைவு, தீனி மாற்றம், இதோடு குடலை மந்தமாக்குகிற மருந்தும் சேர்ந்தால் குடலில் சாணம் அடைத்துக்கொள்ளும். வலி மருந்து அந்த அறிகுறியையும் சேர்த்து மூடிவிடும். குறிப்பாக ஃப்ளூனிக்சின். அறுவை சிகிச்சை தேவைப்படுகிற குடல் முறுக்கைக்கூடச் சில மணி நேரம் அமைதியாகக் காட்டி, காப்பாற்றக்கூடிய நேரத்தைத் தின்றுவிடும். சாதாரணமாக நாளுக்கு 8 முதல் 12 தடவை சாணம் போடும், அதை எண்ணுவது கேவலமான வேலை இல்லை. உருண்டைகள் சிறிதாகி, காய்ந்து, எண்ணிக்கை குறைந்தால் உடனே ஃபோன் போடுங்கள்.

அப்புறம், நல்ல கால். இதை அடிபட்ட காலைவிட அதிகமாகக் கவனிக்கச் சொல்வேன். குளம்பு அடியில் ஆதரவுப் பட்டை, ஆழமான மணலோ மரத்தூளோ போட்ட படுக்கை, படுக்க முடிகிற இடவசதி. தினமும் இரண்டு வேளை குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள், குளம்புக்கு மேலே பின்பக்கம் விரல் வைத்து நாடி பலமாக அடிக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப நாள் கால் மாற்றாமல் நின்ற குதிரை ஒருநாள் திடீரென்று அடிபட்ட காலை நன்றாக ஊன்ற ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும். அடிபட்ட கால் தேறியிருக்கலாம். நல்ல கால் அதைவிட அதிகமாக வலிக்க ஆரம்பித்திருக்கவும் கூடும். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தால்தான் எது என்று தெரியும். மருந்தைக் கூட்டி அந்த அறிகுறியை அமுக்கிவிட்டால் எலும்பு இறங்கிய பிறகே விஷயம் வெளிவரும்.

எந்த மருந்து என்பதில் நம் நாட்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, வெளிநாட்டு ஆலோசனைகளைப் படித்து மருந்து வாங்குகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்ததால், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள் என்பதால் 2015இல் அந்தக் குப்பியையும் 3 மி.லி.யாகச் சுருக்கினார்கள். 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின, 2024 கடைசியில் நிமசுலைடும். அதனால் அமெரிக்கக் குதிரைக் கையேட்டில் கீட்டோப்ரோஃபென் என்று பார்த்துவிட்டு இங்கே தேடக்கூடாது. மெலோக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துப் பார்த்த மருந்து, குதிரைக்கும் கிலோவுக்கு 0.6 மி.கி. வீதம் நாளுக்கு ஒரு வேளை என்ற கணக்கில் நன்றாக வேலை செய்கிறது, விலையும் அதிகமில்லை. முதுமலை, சீகூர் பக்கம் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. நீலகிரியில் சவாரிக் குதிரைகளும் இருக்கின்றன. அங்கே ஒரு மருத்துவர் முதலில் மெலோக்சிகாமை எடுத்தால் அது சிக்கனத்துக்காக என்று நினைக்க வேண்டாம்.

ஃப்ளூனிக்சினும் பாறுகளுக்கு ஆபத்தானதே. கருணைக்கொலைக்குப் போடுகிற பார்பிட்யுரேட் ஊசியோ, உடலைத் தின்கிற நாய், கழுகு எதையும் விடாது. சிகிச்சையில் இருந்த குதிரை செத்தால் கடைசியாக என்ன மருந்து போனது என்று மருத்துவரிடம் சொல்லி, உடலைத் திறந்தவெளியில் போடாமல், இயந்திரம் வைத்துத் தோண்டி ஆழமாகப் புதைக்க ஏற்பாடு செய்யுங்கள்.